பதக்கம் விடுபட்டுப் போனால்

அல்சூரில் எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் 1971 போரில் கிழக்கு முனையில் இருந்த ஹவில்தார். பேரன் கேட்டானே என்று டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் புரட்டினால் பூர்வி ஸ்டாரைக் காணோம்! 1972 ஆகஸ்ட் 15 அன்று படையில் இருந்தவர்களுக்கு உரிய சுதந்திர 25-ஆம் ஆண்டுப் பதக்கமும் இல்லை. அதை நான்தான் கவனித்தேன்.

யூனிட் 'பார்ட் டூ ஆர்டர்' போட்டால்தான் ஆவண அலுவலகத்தில் பதிவு ஏறும். மாற்றலாகிப் போகையில் அது விட்டுப்போவதுண்டு. (எங்கள் ரயில்வேயிலும் சர்வீஸ் ரெஜிஸ்டர் இல்லாமல் எதுவும் நடக்காது.) மனுவை டில்லிக்கு அனுப்ப வேண்டாம், அவரவர் ரெஜிமென்ட்டின் ஆவண அலுவலகத்துக்கே எழுதவேண்டும். சாப்பர்களுக்கு இங்கே பெங்களூர், மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டன். படை எண், அந்தத் தேதிகளில் இருந்த யூனிட், டிஸ்சார்ஜ் புத்தக நகல் அவசியம்.

பெரியவரின் மனு போயிருக்கிறது. உங்கள் வீட்டுப் புத்தகத்தையும் எடுத்துப் பாருங்கள்; எழுத உதவி வேண்டுமென்றால் ஞாயிறு காலை சங்கத்தில் இருப்பேன்.