பாட்டி வீட்டுக்குப் போன பிள்ளைகள்

வீட்டில் அடி உதை. அல்லது பெற்றோருக்குப் போதைப் பழக்கம். பிள்ளை அங்கே இருப்பது ஆபத்து என்று அரசு அழைத்துப்போகிறது. அன்றிரவு அது எங்கே தூங்கும்? அமெரிக்காவில் நெடுங்காலம், முன்பின் தெரியாத வளர்ப்புக் குடும்பத்திடமே பெரும்பாலும் ஒப்படைத்தார்கள். மகளையே ஒழுங்காக வளர்க்காதவள் பேரனை எப்படி வளர்ப்பாள் என்று பாட்டிமீது சந்தேகம் இருந்தது.

பிலடெல்பியாவின் குழந்தை மருத்துவர் டேவிட் ரூபினும் சகாக்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வு அந்தச் சந்தேகத்தை அசைத்தது. 1,309 பிள்ளைகளின் மூன்றாண்டு விவரங்களை எடுத்துக்கொண்டார்கள். உறவினரிடம் போகிறவர்கள் தொடக்கத்திலேயே சற்றுத் தொல்லை குறைந்தவர்கள். அந்த வேறுபாட்டையும், வீடு மாறி மாறி அலைந்ததன் பாதிப்பையும் கழித்துவிட்டுத்தான் ஒப்பிட்டார்கள். அதன் பிறகும் வித்தியாசம் நின்றது. அந்நியர் வீட்டிலேயே இருந்தால் நூற்றுக்கு 46 பேருக்கு நடத்தைச் சிக்கல் வரும் என்று கணக்கு சொன்னது. முதலிலேயே உறவினரிடம் போயிருந்தால் 32. என்னை அதிகம் வியக்கவைப்பது மூன்றாவது எண்: தாமதமாக உறவினரிடம் போனவர்களுக்கு 39. காலம் கடந்து போனாலும் பலன் இருக்கிறது, ஆனால் குறைகிறது. நடத்தையை மதிப்பிட்டது வளர்ப்பவர்களே என்பதால், பேரனின் சேட்டை பாட்டிக்குப் பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம் என்ற ஆட்சேபம் நியாயமானதுதான். ஆனால் 2014இல் 102 ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோதும் நடத்தை, மனநலம், ஒரே வீட்டில் நிலைத்திருத்தல் மூன்றிலும் உறவினர் வீடே முந்தியது.

ஆக, உறவினரை உடனே தேட வேண்டும். பிள்ளையை அழைத்துவந்த 30 நாளுக்குள் உறவினருக்குத் தகவல் சொல்லியாக வேண்டும் என்று அமெரிக்கா 2008இல் சட்டமியற்றியது. நியூசிலாந்து அதற்கு முன்பே, 1989இல், இன்னும் துணிந்தது. மாவோரிப் பிள்ளைகளைச் சொந்தபந்தத்திலிருந்து பிரித்ததை 1988இல் ஓர் அரசு அறிக்கை கடுமையாகச் சாடியிருந்தது. 1989 சட்டப்படி அங்கே பாட்டி, மாமா, அத்தை எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டுகிறார்கள். சமூகப்பணியாளர் நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறார். பிறகு அதிகாரிகள் அனைவரும் எழுந்து வெளியே போய்விடுகிறார்கள். யார் வளர்ப்பது, தாய் எப்போது வந்து பார்ப்பது என்பதைக் குடும்பமே பேசித் திட்டம் போடுகிறது. பிள்ளைக்குப் பாதுகாப்பில்லாத திட்டத்தை அரசு மறுக்கலாம்.

பணம் தனிக்கதை. அமெரிக்காவில் வளர்ப்புக் குடும்பத்துக்கு உதவித்தொகை உண்டு. வயதான, வசதியில்லாத பாட்டி பலநேரம் வெறுங்கையோடு வளர்க்கிறாள். அந்தத் தொகை பெற உரிமம் வேண்டும்; அந்நியர்களுக்காக எழுதப்பட்ட உரிம விதிகள்தான் தடை: அறை எத்தனை, வருமானம் எவ்வளவு என்று. அவற்றைத் தளர்த்தி உறவினருக்கெனத் தனி விதிகள் வைத்துக்கொள்ளலாம், உரிமம் பெற்றவர்களுக்கு அதே தொகையைக் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மத்திய அரசு சொன்னது 2023இல்தான்.