கடைமடைக்கு எட்டாத வெளிச்சம்

கொழிஞ்சாம்பாறை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “மூணாறு - டாப் ஸ்டேஷன் பழைய ரயில்பாதையை வீட்டில் மாடலாகச் செய்துவருகிறேன். மேலே ஐந்து மீட்டர் ஆர்ஜிபி ஸ்ட்ரிப் லைட் ஒட்டினேன். ரிமோட்டில் வெள்ளையை அழுத்தினால் மூணாறு பக்கம் வெள்ளையாக இருக்கிறது. டாப் ஸ்டேஷன் பக்கம் மங்கிச் செம்மஞ்சளாகிவிடுகிறது. தேயிலை கருகிய மாதிரி தெரிகிறது. ஸ்ட்ரிப் பழுதா?”

பழுதில்லை. புது ரோல் வாங்கி மாட்டினாலும் இதேதான் நடக்கும்.

அவர் எடுத்திருக்கும் ரயிலைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: குண்டளப் பள்ளத்தாக்கில் 1902-இல் ஒற்றைத் தண்டவாளத்தில் தொடங்கி, 1908-இல் இரண்டடி அகலப் பாதையாக மாறியது. தேயிலையை டாப் ஸ்டேஷன் வரை கொண்டுபோகும். அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்குப் போகும். 1924 வெள்ளம் பாதையை அடித்துக்கொண்டு போனது. யாரும் திரும்பப் போடவில்லை. இன்றைய சாலைக் கணக்கில் ஏறத்தாழ 32 கிலோமீட்டர். 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் 370 மீட்டர் வரும். தண்டவாள அகலமோ 7 மில்லிமீட்டர்தான். ஆக, யார் செய்தாலும் ஒரு வளைவையோ ஒரு சரிவையோதான் செய்ய முடியும். அந்தச் சரிவு உயிரோடு தெரிவதும் தெரியாததும் வெளிச்சத்தின் கையில் இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருவோம். 12 வோல்ட் ஸ்ட்ரிப்பை உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு நிறத்திலும் மூன்று மூன்று எல்இடிகளாக வரிசையில் கோத்து, அந்த வரிசைக்கு ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். இப்படிப்பட்ட குழுக்கள் எல்லாம் ஸ்ட்ரிப் நெடுக ஓடும் மெல்லிய செம்புத் தகடுகளிலிருந்து மின்சாரம் எடுக்கின்றன. நீல எல்இடி எரிய ஒன்றுக்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும், மூன்றுக்கு 9. பச்சைக்கும் ஏறக்குறைய அப்படியே. சிவப்புக்குச் சுமார் 2 வோல்ட் போதும், மூன்றுக்கு 6. எல்இடிகள் எடுத்தது போக மிஞ்சும் வோல்ட்தான் ரெசிஸ்டரில் விழுகிறது. எவ்வளவு மின்னோட்டம் ஓடும் என்பதை அந்த மிச்சமே தீர்மானிக்கிறது. நீலத்துக்கு மிச்சம் 3, சிவப்புக்கு மிச்சம் 6.

செம்புத் தகடு வழியில் 1.5 வோல்ட்டைத் தின்றுவிட்டது என்று வையுங்கள். கடைசியில் 10.5 வோல்ட்தான் வந்து சேரும். பன்னிரண்டில் எட்டில் ஒரு பங்கு குறைவு, அற்பமாகத் தோன்றும். ஆனால் நீலத்தின் மிச்சம் 3-லிருந்து 1.5 ஆகிவிட்டது, வெளிச்சம் ஏறத்தாழ பாதி போயிற்று. சிவப்பின் மிச்சம் 6-லிருந்து 4.5 ஆகியிருக்கிறது, கால் பங்கு மட்டுமே நட்டம். பச்சையும் நீலமும் சாய, சிவப்பு மட்டும் தாக்குப்பிடிக்கிறது. டாப் ஸ்டேஷன் சிவந்ததன் காரணம் இவ்வளவுதான்.

கொழிஞ்சாம்பாறைக்காரருக்குக் கால்வாயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பரம்பிக்குளம் - ஆழியாறு தண்ணீர் மூலத்தறையில் பிரிந்து வருகையில் வழியெல்லாம் கசிகிறது, தலைமடைக்காரர் எடுத்துக்கொள்கிறார், கடைமடையில் மட்டம் இறங்குகிறது. நீல வயல் மேட்டில் இருக்கிறது. அதன் மடைவாய் ஒன்பதடி உயரம். சிவப்பு வயல் பள்ளத்தில், மடைவாய் ஆறடி. கால்வாயில் மட்டம் ஒன்றரை அடி இறங்கினால் முதலில் தவிப்பது மேட்டு வயல். ரிமோட்டில் வெளிச்சத்தைக் குறைத்தால் சரியாகுமா? பெரும்பாலான மலிவு கன்ட்ரோலர்களில் ஆகாது. அவை மின்சாரத்தை மெலிதாக்குவதில்லை. விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை திறந்து மூடுகின்றன. முறைவைத்துத் திறந்தாலும் திறந்திருக்கும் நேரத்தில் கசிவு பழைய கசிவேதான். மங்கலான வெளிச்சத்திலும் கடைமடை சிவப்பாகவே இருக்கும்.

தீர்வு அழகானது. ஒயரை ஒரு முனையில் கொடுக்காமல் ஸ்ட்ரிப்பின் நடுவில் சால்டர் செய்யுங்கள். இப்போது ஒவ்வொரு பக்கமும் பாதி நீளம். தகட்டில் ஓடும் மின்னோட்டமும் பாதி. பாதியில் பாதி, கால். 1.5 வோல்ட் இழப்பு சுமார் 0.4 ஆகிவிடும். கண்ணுக்கு அந்த வித்தியாசம் அநேகமாகத் தெரியாது. கூடுதலாகச் செலவாவது கொஞ்சம் ஒயர். ஐந்து மீட்டர் ரோலை ஒரே முனையில் மாட்டச் சொல்லும் பெட்டிக்குள் இந்த ஒரு வரியை அச்சடித்துப் போட்டிருக்கலாம். எனக்கு அது உண்மையாகவே வருத்தம்.

24 வோல்ட் ஸ்ட்ரிப் இன்னும் நல்லது. அதே வாட்டுக்கு மின்னோட்டம் பாதி, இழப்பும் பாதி. வெட்டும் இடங்கள் சற்றுத் தள்ளித் தள்ளி வரும் என்பது மட்டுமே இடைஞ்சல்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெருமைகளை நம்பி வாங்காதீர்கள். 5050 என்பது தரமல்ல. எல்இடி 5 மி.மீ.க்கு 5 மி.மீ. என்ற அளவு. “1.6 கோடி நிறங்கள்” என்பது 256-ஐ மூன்று முறை பெருக்கிய எண், அதாவது கன்ட்ரோலர் அனுப்பக்கூடிய கட்டளைகளின் எண்ணிக்கை. வெளியே வருவதென்னவோ மூன்று குறுகிய நிறங்களின் கலவை. இடையிலுள்ள மஞ்சளும் ஆரஞ்சும் அந்த வெளிச்சத்தில் மிகக் குறைவு. ஆகவே மரப்பலகையும் செம்மண்ணும் அதில் நிறம் மாறித் தெரியும். முழு லேஅவுட்டுக்கு ஆர்ஜிபி வேண்டாம் என்பது என் முடிவு. மாலை வெயில் வேண்டுமானால் மஞ்சள் வெள்ளை, நீல வெள்ளை இரண்டும் கலந்த ஸ்ட்ரிப் போதும்.

வெள்ளை எல்இடியிலும் ஒரு கண்கட்டு உண்டு. நீல எல்இடியின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசி வெள்ளை ஆக்குகிறார்கள். நிறத்தை எவ்வளவு நேர்மையாகக் காட்டுகிறது என்பதற்கான சிஆர்ஐ மதிப்பெண், வெளிறிய எட்டு நிறங்களின் சராசரி. அடர்சிவப்பு அதில் சேர்த்தியே இல்லை. அதற்கு ஆர்9 என்று தனி எண். சிஆர்ஐ 80 வாங்கிய ஸ்ட்ரிப் ஆர்9-இல் பூஜ்யத்தை ஒட்டி நிற்கக்கூடும். துருப்பிடித்த தகரக் கூரையும் பழைய செங்காவி ரயில்பெட்டியும் அதன் கீழ் செத்துப்போகும். சிஆர்ஐ 90-க்கு மேல், ஆர்9 எண்ணையும் வெளிப்படையாகச் சொல்லும் ஸ்ட்ரிப்பைக் கேட்டு வாங்குங்கள்.

ஒட்டும் இடமும் முக்கியம். நடுவில் ஒட்டினால் பார்ப்பவர் பக்கம் ரயில் நிழலில் கிடக்கும். முன்விளிம்புக்கு மேலே, ஒரு பலகை மறைவில், உள்நோக்கிச் சாய்த்து வையுங்கள். உங்கள் பாலக்காட்டு ஏப்ரல் வெயிலில் பின்பசை இளகி ஸ்ட்ரிப் தொங்கும். அலுமினியச் சட்டத்தில் பதித்தால் தொங்காது, சூடும் இறங்கும். அடாப்டரை அதன் முழுத்திறனுக்கு ஓட்டாதீர்கள். தேவையைவிட நான்கில் ஒரு பங்கு பெரிதாக வாங்கி, ஃபியூஸ் ஒன்றும் போடுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது சரி. ஆனால் ஷார்ட் ஆனால் ஒயரைத் தாராளமாக எரிக்கும்.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். இருக்கும் ரோலைத் தூக்கி எறியாதீர்கள். எல்லா நிறமும் முழு வெளிச்சத்தில் எரியும்போது டாப் ஸ்டேஷன் முனையில் மல்டிமீட்டர் வைத்து வோல்ட்டை அளந்துகொள்ளுங்கள். பிறகு நடுவில் ஒயர் கொடுத்து மறுபடி அளந்து, இரண்டு எண்களையும் எனக்கு எழுதியனுப்புங்கள்.