குறைந்த செலவில் வட்ட ரம்பம்

தொழுவத்திற்கும் வேலிக்கும் வேண்டிய சட்டங்களைத் தாமே அறுத்துக்கொள்ள விரும்பும் குடியானவருக்குக் கையால் இயக்கும் மின்சார வட்ட ரம்பம் ஒன்று போதுமானது. 7¼ அங்குல வாளுடையது சுமார் 2½ அங்குலக் கனம் வரை நேராக அறுக்கும். சாய்த்தறுக்கையில் ஆழம் குறையும்.

சிலர் செலவுக்கு அஞ்சி, சலவைக்கல் அறுக்கும் 4 அங்குல யந்திரத்தில் மரவாளைப் பூட்டி உபயோகிக்கின்றனர். இது மிகவும் அபாயகரமான சிக்கனமாகும். அவ்யந்திரம் நிமிஷத்திற்குச் சுமார் 12,000 சுற்றுக்கள் சுழல்வது. மர ரம்பத்தின் வேகமோ 5,000 சுற்றுக்களை ஒட்டியதே. மேலும், அறுத்து முடிந்ததும் தானே மூடிக்கொள்ளும் கீழ்க்காப்பு அதில் கிடையாது. போன விரலை எந்தக் கடையிலும் வாங்க இயலாது.

ஆகவே, ரம்பம் வாங்குவோர் மின்சாரத்தில் இணைக்குமுன் கீழ்க்காப்பை விலக்கிவிட்டு, அது தடையின்றித் திரும்புகின்றதா என்று சோதித்தல் அவசியம். அடித்தகடு உறுதியாயும் வாளுக்கு இணையாயும் இருத்தல் வேண்டும். இன்றேல் வாள் மரத்தில் இறுகி, யந்திரம் பின்னோக்கி எகிறும். வாட் எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டுவதில்லை. சாதாரண வேலைக்கு 1,200 வாட் போதும். மிச்சப் பணத்தில் கார்பைடு நுனியுள்ள வாள்கள் இரண்டு வாங்கலாம்: நார்ப்போக்கில் அறுக்க 24 பல்லுடையது, குறுக்கே வழவழப்பாக அறுக்க 40 பல்லுடையது. வாளின் துளை அச்சுக்குப் பொருந்துவதுடன், அதிற் பொறித்துள்ள உச்ச வேகம் யந்திரத்தின் வேகத்திற்குக் குறையாதிருத்தல் வேண்டும்.

மெல்லிய நீண்ட கம்பி வழியே மின்சாரம் இழுத்தால் வோல்டேஜ் தாழ்ந்து மோட்டார் சூடேறும். பழைய வீட்டு மரங்களை அறுக்குமுன் ஆணிகளை முற்றும் பிடுங்கிவிடுதல் வேண்டும். ஓர் ஆணியே புது வாளின் பற்களைப் பெயர்த்துவிடக்கூடும்.