சுழல் தண்டுக்குத் தினம் ஒரு வேளை கிரீஸ்
வாணியம்பாடி வட்டார டிராக்டர் விவசாயிகள் கவனத்துக்கு

மாட்டு வண்டி ஓடிய காலத்தில் அச்சுக்கு மை போடாமல் வண்டி பூட்டிய விவசாயி இல்லை. வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மை எப்போதும் வண்டியின் அடியில் தொங்கிக்கொண்டிருக்கும். கவலை இறைத்தவர்களும் தோல் வாலுக்கு எண்ணெய் காட்டத் தவறியதில்லை. காய்ந்த தோல் வெடிக்கும் என்பதைத் தோல் ஊரான வாணியம்பாடிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்று அதே வீடுகளில் டிராக்டரும் ரோட்டவேட்டரும் நிற்கின்றன. டீசல், இன்ஜின் ஆயில், டயர்க் காற்று எல்லாம் பார்க்கப்படுகின்றன. டிராக்டருக்கும் ரோட்டவேட்டருக்கும் நடுவே சுழலும் தண்டை மட்டும், அது உடையும் வரை பெரும்பாலோர் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆலங்காயம், அம்பலூர்ப் பக்கங்களில் வேர்க்கடலை விதைப்புக்கு நிலம் தயார் செய்யும் நாட்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது:

"இன்னாப்பா, சத்தம் ஒரு மாதிரி கேக்குது?"

"அது அப்படித்தான்ணா கத்தும். இன்னும் அரை ஏக்கர்தானே, முடிச்சிட்டுப் பாத்துக்கலாம்."

அந்த அரை ஏக்கர் முடிவதற்குள் கிராஸ் உடைகிறது. நல்ல மழை ஈரத்தில் ஓட்ட வேண்டிய நாள், கடைக்கும் பட்டறைக்கும் அலைவதில் போய்விடுகிறது. மறுநாள் வெயில் அடித்தால் விதைப்பு ஈரமும் போயிற்று. வாடகைக்கு ஓட்டுபவருக்கு அன்றைய வருமானம் நஷ்டம். நிலத்துக்காரருக்குப் பட்டமே நஷ்டம்.

இந்தத் தண்டைப் பி.டி.ஓ. ஷாஃப்ட் என்றும் ஜாயிண்ட் ஷாஃப்ட் என்றும் சொல்கிறார்கள். பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த கார்டானோ என்ற அறிஞரின் பெயரால் இதற்குக் கார்டன் தண்டு என்றும் ஒரு பெயர் உண்டு. இரண்டு முனைகளிலும் கவை போன்ற பாகங்கள் இருக்கும். மெக்கானிக்குகள் இதை யோக் என்பார்கள். நுகம் என்றே பொருள். இரண்டு யோக்குகளை இணைப்பது சிலுவை வடிவிலுள்ள கிராஸ். அதன் நான்கு கைகளிலும் நான்கு கப்புகள். ஒவ்வொரு கப்புக்குள்ளும் ஊசி போன்ற மெல்லிய உருளைகள் அடுக்கப்பட்டிருக்கும். டிராக்டரின் சக்தி முழுவதும் இந்த ஊசிகளைத் தாண்டித்தான் ரோட்டவேட்டருக்குப் போகிறது.

வேகமும் கொஞ்சமல்ல. பி.டி.ஓ.வின் வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. அதாவது நொடிக்கு ஒன்பது. தண்டு சாய்ந்து சுழலும்போது ஒவ்வொரு ஊசியும் ஒவ்வொரு சுற்றிலும் முன்னும் பின்னும் அசைகிறது. கிரீஸ் இல்லாவிட்டால் ஊசி கிராஸின் கையில் வரி வரியாகத் தடம் பதித்துவிடும். பிறகு எவ்வளவு கிரீஸ் அடித்தாலும் அந்தத் தடம் மறையாது.

கிரீஸ் போடும் முறை

பெரும்பாலான ரோட்டவேட்டர் கையேடுகள் எட்டு முதல் பத்து மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை கிராஸுக்குக் கிரீஸ் அடிக்கச் சொல்கின்றன. மணிக்கணக்கு வைத்துக்கொள்ளத் தேவையில்லை. காலையில் வண்டி எடுக்குமுன் தினம் ஒரு வேளை என்று வைத்துக்கொண்டால் போதும்.

முதலில் இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு நிப்பிளைத் துணியால் துடைக்க வேண்டும். இதைப் பலர் செய்வதில்லை. நிப்பிள் மேல் ஒட்டிய மணலைக் கிரீஸ் கன் அப்படியே உள்ளே தள்ளிவிடும். கிரீஸ் போடாததைவிட அது மோசம். நான்கு கப்புகளின் ஓரத்திலும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை அடிக்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்தக் கைக்குப் போகும் துளை அடைத்திருக்கிறது. அதைப் பட்டறையில் காட்டிச் சரிசெய்யாமல் ஓட்டக் கூடாது. ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீளும் இரண்டு குழாய்களுக்கும் கிரீஸ் வேண்டும். அவை இறுகிவிட்டால், ரோட்டவேட்டரை ஏற்றி இறக்கும்போது தண்டு நீளவோ குறுகவோ முடியாமல் டிராக்டரின் பி.டி.ஓ. பேரிங்கையே இடிக்கும்.

கப்பின் ஓரத்தில் செந்தூள் படிந்திருந்தால் உள்ளே ஊசிகள் வறண்டு துருவாக உதிர்கின்றன என்று அறிந்துகொள்ளலாம். தண்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் திருகிப் பார்த்து, கிராஸில் ஆட்டம் தெரிந்தால் உடனே மாற்றிவிடுவது மலிவு. கிராஸ் விலைக்கும் கியர் பாக்ஸ் விலைக்கும் மடுவுக்கும் மலைக்கும் உள்ள தூரம்.

யோக்குகள் ஒரே வரிசையில் இருக்கின்றனவா?

கிரீஸ் ஒழுங்காகப் போட்டும் கிராஸ் அடிக்கடி போகிறது என்று குறைப்படுவோர் உண்டு. இவர்கள் பார்க்க வேண்டிய இடம் வேறு. சாய்வாகச் சுழலும் ஒரு கிராஸ் வேகத்தை ஒரே சீராகக் கடத்தாது. தண்டு 30 டிகிரி சாய்ந்திருந்தால், 540 சுற்று வேகம் ஒவ்வொரு சுற்றுக்குள்ளும் இரு முறை 468க்கு இறங்கி 624க்கு ஏறும். இரண்டாவது கிராஸ் இந்த ஏற்ற இறக்கத்தைச் சரிக்கட்டுவதற்காகவே இருக்கிறது. ஆனால் நடுத்தண்டின் இரு முனைகளிலும் உள்ள யோக்குகள் ஒரே வரிசையில் இருந்தால்தான் அது நடக்கும். தண்டைக் கழற்றி மாட்டும்போது கால் சுற்று மாறிப் பொருந்திவிட்டால், சரிக்கட்டுவதற்குப் பதில் கோளாறு இரட்டிக்கும். வேகம் 405க்கும் 720க்கும் இடையே குதிக்கும். டிராக்டர் உதறும், கிராஸ் அடுத்தடுத்துப் போகும். கெட்ட பெயர் என்னவோ கடைக்காரருக்கு!

சதுரத் தண்டு நான்கு விதமாகப் பொருந்தும். அவற்றில் இரண்டு தவறு. ஆகவே கழற்றுமுன் இரண்டு குழாய்களிலும் நேருக்கு நேர் பெயிண்டால் ஒரு கோடு போட்டுக்கொள்வது நல்லது. டாப் லிங்கைத் திருகி, ரோட்டவேட்டர் கியர் பாக்ஸின் தண்டு டிராக்டரின் பி.டி.ஓ. தண்டுக்கு இணையாக நிற்கும்படியும் செய்ய வேண்டும். வரப்போரம் திரும்பும்போது பி.டி.ஓ.வை ஓடவிட்டபடியே ரோட்டவேட்டரை உச்சிக்குத் தூக்குவது வழக்கமாகிவிட்டது. இரண்டு நொடி மிச்சம் பிடிக்கச் செய்யும் இந்த வேலைதான் கிராஸை அதிகம் தின்கிறது.

டிராக்டர் ஒரு கம்பெனி, ரோட்டவேட்டர் வேறு கம்பெனி என்றால் தண்டின் நீளத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மிக நீண்ட நிலையிலும் குழாய்கள் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். மிகக் குறுகிய நிலையில் இரண்டு விரல் இடைவெளியாவது வேண்டும்.

பாலாற்றுப் படுகையில் தோல் தொழிலின் உப்புக் கழிவு ஏறிய நிலங்களுக்குத் தனிக் கவனம் தேவை. இந்தப் பாதிப்பு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 ஆகஸ்டில் தீர்ப்பும் வந்தது. சோடியம் மிகுந்த மண் காய்ந்தால் பாறைபோல இறுகும். அதில் நேரே ரோட்டவேட்டரை இறக்கினால் ஒவ்வொரு கட்டியும் தண்டுக்கு ஓர் அடி. முதலில் ஒன்பது கொத்துக் கலப்பையால் ஒரு சால் ஓட்டிவிட்டு, கையில் பிடித்தால் உதிரும் ஈரத்தில் ரோட்டவேட்டர் விடுவது நிலத்துக்கும் நல்லது, தண்டுக்கும் நல்லது. அப்படியும் அதிர்ச்சி வந்தால், தான் அறுந்து மற்றதைக் காப்பாற்றத்தான் சில தண்டுகளில் ஷியர் போல்ட் வைத்திருக்கிறார்கள். அது அறுகிறதே என்று கெட்டியான போல்ட்டைப் போட்டு முறுக்குவது, வீட்டு ஃபியூஸில் முழுக் கம்பியைக் கட்டுவதற்குச் சமம்.

நாலு முழ வேட்டி, ஒரு நொடி

தண்டின் மேலுள்ள பிளாஸ்டிக் காப்புக் குழாயைக் கிரீஸ் அடிக்க இடைஞ்சல் என்று கழற்றி எறிந்துவிடுகிறார்கள். ஏழரை சென்டிமீட்டர் கனமுள்ள தண்டு ஒரு சுற்றுக்குச் சுமார் 23 சென்டிமீட்டர் துணியை இழுக்கும். நொடிக்கு ஒன்பது சுற்று என்றால் இரண்டு மீட்டருக்கு மேல். நாலு முழ வேட்டி முழுவதும் ஒரு நொடிக்குள் சுற்றிக்கொள்ளும். "நிறுத்து" என்று கத்தி முடிக்கவும் நேரம் இருக்காது. மாடு என்றால் அதட்டினால் நிற்கும். துண்டு, முந்தானை, பின்னல் எதுவானாலும் இதே கதிதான். கதிரடிக்கும் இயந்திரங்களில் கையிழந்தோர் பெருகியதால் 1983-ல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டமே கொண்டுவர நேர்ந்தது. டிராக்டரில் ஓடும் கடலை இயந்திரத்தைச் சுற்றிப் பெண்களும் பிள்ளைகளும் நிற்கும் களங்களில் காப்பு இல்லாத தண்டை ஓட்டவே கூடாது. காப்பு தண்டோடு சேர்ந்து சுழலாமல் இருக்க ஒரு சிறு சங்கிலி உண்டு. அது மாட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஜவ்வாது மலைப் பாதைகளில் ஓடும் ஜீப்புகளின் அடித்தண்டிலும் இதே கிராஸ்தான். ஓடையில் இறங்கி ஏறிய வண்டிக்கு அன்றே கிரீஸ் அடிப்பது முறை. தண்ணீர் உள்ளே நுழைந்து கிரீஸைக் கழுவிவிடும்.

டிராக்டர் ஓட்டுதல், பராமரிப்புப் பயிற்சி வேண்டுவோருக்கு ஆந்திரத்தின் அனந்தப்பூர் அருகே கார்லதின்னேயில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையம் உள்ளது. அருகில் விசாரிக்க விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தையும், வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தையும் அணுகலாம்.

கிராஸ் மாற்றும்போது பழைய கிராஸை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். நான்கு கைகளிலும் வரி விழுந்திருந்தால் கிரீஸ் போதவில்லை. ஒரு கையில் மட்டும் தேய்ந்திருந்தால் துளை அடைத்திருந்தது. தேய்மானமே இல்லாமல் கை முறிந்திருந்தால், நிலத்தில் கல்லையோ, ஷியர் போல்ட்டையோ, தூக்கித் திருப்பும் ஓட்டுநரையோ விசாரிக்கலாம்.