கேரவனில் பழவேற்காடு

அடுப்பு, கட்டில், கழிப்பறை மூன்றும் உள்ளேயே அமைந்த வண்டி கேரவன். தமிழ்நாட்டில் பலருக்கு அது சினிமா நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கும் வண்டியாகவே பழக்கம். கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனித் திட்டம் கொண்டுவந்தது. விடுதி குறைவாகவும் பார்க்க வேண்டியவை நிறையவும் உள்ள சிற்றூர்களுக்கே இந்த வண்டி மிகவும் பொருந்தும். சென்னைக்கு வடக்கே அப்படியோர் ஊர் பழவேற்காடு.

பயணத்தைக் காத்திவாக்கத்தில் தொடங்கலாம். 1708இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்த ஐந்து கிராமங்களில் இதுவும் ஒன்று. திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, சாத்தங்காடு மற்றவை. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரம் பக்கத்திலேயே இருக்கிறது. 1970இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. துறைமுகங்களுக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்துக்கொள்ளும் என்பதால் விடியலில் புறப்படுவதே நல்லது. மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டை அடையலாம். சாலைப் போக்குவரத்து பெருகுவதற்கு முன் இந்த ஊர்களை இணைத்தது பக்கிங்காம் கால்வாய். விறகும் அரிசியும் அதில் படகேறிப் பட்டணம் வந்தன.

விஜயநகர அரசின் அனுமதியோடு 1610இல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் காலூன்றினார்கள். 1613இல் கெல்திரியா கோட்டை எழுந்தது. கிராம்பும் ஜாதிக்காயும் விளைந்த கீழைத் தீவுகளில் வெள்ளிக் காசைவிடச் சோழமண்டலத் துணிக்கே மதிப்பு அதிகம். அதனால் துணியை இங்கே வாங்கி, அங்கே கொடுத்து, வாசனைப் பொருள்களை ஐரோப்பாவுக்கு ஏற்றினார்கள். சுற்றுவட்டார நெசவாளர்களின் உழைப்பில்தான் அந்த வணிகம் நடந்தது. வெடிமருந்தும் இந்த ஊரிலேயே தயாரானது. இதே துறையிலிருந்து மனிதர்களும் கப்பலேற்றப்பட்டார்கள். பஞ்சத்திலும் போரிலும் வாழ்விழந்த ஏழைகளை அடிமைகளாக வாங்கி, பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா) போன்ற இடங்களுக்கு டச்சுக் கம்பெனி அனுப்பியது. பழவேற்காட்டின் வரலாற்றைச் சொல்வோர் இதை விட்டுவிடுவது பெரும் அநீதி.

1690இல் டச்சுத் தலைமையகம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1825இல் ஊர் ஆங்கிலேயர் வசமானது. கோட்டை இன்று அகழியும் முட்புதரும் சூழ்ந்த இடிபாடு. டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நன்றாக நிற்கிறது. அதன் வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. உள்ளே, பூவேலைப்பாடும் குலச்சின்னமும் கொண்ட பெரிய கற்பலகைகளில் வணிகர்கள், அதிகாரிகளின் பெயர்கள் டச்சு மொழியில் உள்ளன. கப்பலேற்றப்பட்ட அடிமைகளின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

மகிமை மாதா திருத்தலம், பழைய பள்ளிவாசல்கள், செம்பாறைக் கல்லால் கட்டப்பட்ட ஆதிநாராயணப் பெருமாள் கோயில் ஆகியவை நடக்கும் தூரத்திலேயே உள்ளன. பெருமாள் கோயிலின் சிறிய ராமாயணச் சிற்பங்களை நிதானமாகப் பார்க்க வேண்டும். முஸ்லிம் பெண்கள் பின்னும் பனையோலைக் கூடைகளும் பெட்டிகளும் இந்த ஊரில் பேர் போனவை. தெருக்கள் குறுகலானவை, கேரவனை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து சுற்றுவதே முறை. இரவு தங்குவதற்கு முன் ஊராரிடம் கேட்டு இடம் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இந்திய உவர்நீர் ஏரிகளில் சிலிக்காவுக்கு அடுத்தபடி பெரியது பழவேற்காடு ஏரி. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக வரும். இறால், நண்டு, மடவை பிடித்து வாழும் குடும்பங்களுக்கு இந்த நீரே பிழைப்பு. கேரவனின் கழிவுநீரை ஏரியிலோ ஓடைகளிலோ திறந்துவிடாதீர்கள். கழிவுநீர் அகற்றும் வசதியுள்ள இடத்துக்குத் திரும்பிய பிறகே தொட்டியைக் காலி செய்யுங்கள்.