‘எத்தனை தடவை கூப்பிடுறது... காது கேக்கலையா?’ குழந்தைகளின் செவித்திறன் குறைந்தால் என்னவெல்லாம் பாதிக்கும்?

“எத்தனை தடவை கூப்பிடுறது, காது கேக்குதா இல்லையா?” கோபத்தில் எல்லா வீட்டிலும் வந்துவிழும் கேள்விதான். ஆனால், சில குழந்தைகள் விஷயத்தில் அதைத் திட்டாக இல்லாமல் உண்மையாகவே கேட்க வேண்டியிருக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, சிகிச்சையோ கருவியோ தேவைப்படும் அளவுக்குச் செவித்திறன் குறைந்த குழந்தைகள் உலகம் முழுக்க சுமார் 3.4 கோடி பேர். கொஞ்சம்கூடக் கேட்காத குழந்தையை, தாமதமாகவாவது குடும்பம் கண்டுபிடித்துவிடும். மாட்டிக்கொள்வது பாதி கேட்கிற, பாதி கேட்காத குழந்தைகள்தான். அவர்களுக்குக் கிடைக்கும் பெயர்: ‘கவனிக்க மாட்டான்’, ‘ரொம்ப அடம்’, ‘படிப்பு ஏறல’.

வால்யூம் பிரச்சினை மட்டுமா?

டிவி சத்தத்தைக் குறைத்துவைப்பது போன்றதுதான் செவித்திறன் குறைபாடு என்று பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. பெரும்பாலும் சில ஒலிகள் கேட்கும், சில ஒலிகள் கேட்காது. பேச்சுத் தமிழில் ‘வந்தான்’, ‘வந்தாள்’ இரண்டையும் வேகமாகச் சொல்லிப் பாருங்கள். கடைசியில் வரும் லேசான மூக்கொலி மட்டும்தான் வித்தியாசம். அது காதில் விழாத குழந்தைக்கு, வந்தது அண்ணனா, அக்காவா என்பதே குழப்பம். கதையில் ஒரு வரி போனால், அடுத்த நாலு வரியும் போச்சு.

ஒட்டுக்கேட்டு வளரும் மொழி

குழந்தைகள் மொழியைப் பாடம் மாதிரிக் கற்பதில்லை. அம்மா போனில் பேசுவது, பாட்டி பக்கத்து வீட்டுக்காரரிடம் அங்கலாய்ப்பது, பஸ் கண்டக்டர் சில்லறைக்குச் சண்டை போடுவது... எல்லாவற்றையும் விளையாடியபடியே ஒட்டுக்கேட்டுச் சேர்த்துக்கொள்கிறார்கள். செவித்திறன் குறைந்த குழந்தைக்கு முகத்துக்கு நேராகச் சொன்னது மட்டும்தான் கிடைக்கிறது. யாருக்கு யார்மேல் கோபம், எது கிண்டல், எது நிஜம் என்பதெல்லாம் பெரும்பாலும் தவறிவிடுகிறது.

உளவியலில் பிரபலமான ஒரு சோதனை இருக்கிறது. ஒருவர் பந்தைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறார். இன்னொருவர் அதைப் பெட்டிக்கு மாற்றிவிடுகிறார். திரும்பி வருபவர் முதலில் எங்கே தேடுவார்? ‘கூடையில்’ என்று நாலைந்து வயதில் பெரும்பாலான குழந்தைகள் சொல்லிவிடுவார்கள். மற்றவர் மனதில் இருப்பது வேறு, தனக்குத் தெரிந்தது வேறு என்ற புரிதல் அது. ஆஸ்திரேலியாவில் கேண்டிடா பீட்டர்சன், மைக்கேல் சீகல் இருவரும் 1995-ல் வெளியிட்ட ஆய்வில், காது கேளாத குழந்தைகளுக்கு இந்தப் புரிதல் பல ஆண்டுகள் தாமதமாவது தெரிந்தது. ஆனால், காது கேளாத பெற்றோருக்குப் பிறந்து, முதல் நாளிலிருந்து சைகை மொழியில் வளர்ந்த குழந்தைகளிடம் அந்தத் தாமதம் இல்லை என்று அடுத்தடுத்த ஆய்வுகள் காட்டின. காது கேட்காததைவிட, வீட்டில் பேச்சுவார்த்தைக்கு ஒரு மொழி இல்லாமல் போவதுதான் பெரிய அடி.

நாள் முழுக்க மோசமான ஜூம் கால்

ஆடியோ விட்டு விட்டு வரும் மீட்டிங்கில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலே தலை வலிக்கிறது, இல்லையா? செவித்திறன் குறைந்த குழந்தைக்கு வகுப்பறை முழு நாளும் அப்படித்தான். மேலே ஃபேன், பக்கத்து வகுப்பின் இரைச்சல், போர்டைப் பார்த்துக்கொண்டே பேசும் டீச்சர். பாதி வார்த்தையை ஊகித்தே நிரப்ப வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் எரிச்சலும் அழுகையும் வருவதில் ஆச்சரியம் இல்லை.

‘ஒரு காதுதானே, இன்னொண்ணு நல்லா இருக்கே’ என்ற சமாதானமும் செல்லாது. அமெரிக்காவில் ஃப்ரெட் பெஸ், ஆன் மேரி தார்ப் 1980-களில் செய்த ஆய்வில், ஒரு காதில் மட்டும் குறைபாடு இருந்த குழந்தைகளில் மூன்றில் ஒருவர் ஏதாவது ஒரு வகுப்பில் ஃபெயில் ஆகியிருந்தார்.

‘ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்’

இந்த ஒரு வரியால் வீணாகிற மாதங்கள் கொஞ்சநஞ்சம் அல்ல. ‘பின்னாடி நின்னு தட்டைத் தட்டினோம், திரும்புச்சே’ என்பார்கள். அதிர்வை உணர்ந்தும் திரும்பலாம், தட்டின் சத்தம் மட்டும் கேட்டு பேச்சு கேட்காமலும் இருக்கலாம். காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் ‘ங்கா’ என்று சத்தம் எழுப்பும்.

மருத்துவர்கள் சொல்லும் கணக்கு 1-3-6. பிறந்து 1 மாதத்துக்குள் முதல் பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறைபாட்டை உறுதிசெய்வது, 6 மாதத்துக்குள் கருவியோ பயிற்சியோ தொடங்குவது. அமெரிக்காவின் கொலராடோவில் நடந்து, 1998-ல் வெளியான ஆய்வும் இதற்கு ஆதரவாக நிற்கிறது: 6 மாதத்துக்குள் கண்டறியப்பட்ட குழந்தைகள், குறைபாடு லேசானதோ கடுமையானதோ, மொழித்திறனில் மற்றவர்களைவிட நன்றாகவே முன்னே இருந்தார்கள்.

முதல் பரிசோதனையான ஓ.ஏ.இ. ரொம்ப எளிது. தூங்கும் குழந்தையின் காதில் சின்ன முனையை வைத்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும், வலி கிடையாது. சந்தேகம் இருந்தால் அடுத்தது பெரா டெஸ்ட். பிறந்தபோது பாஸ் ஆன குழந்தைக்கும் பின்னாளில் குறைபாடு வரலாம். அடிக்கடி சளி பிடித்து, செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்வது பள்ளி வயதில் சகஜம். பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது.

மத்திய அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் 18 வயது வரையிலான பரிசோதனைப் பட்டியலில் செவித்திறனும் இருக்கிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளாண்ட் அறுவை சிகிச்சையும் செய்யப்படுகிறது. ஆபரேஷன் முடிந்த மறுநாளே குழந்தை பேசிவிடாது. ஸ்பீச் தெரபி வருடக்கணக்கில் தொடர வேண்டும், வேலையை விட்டுவிட்டு அலைவது பெரும்பாலும் அம்மாக்கள்தான்.

வகுப்பறையில் செய்யக்கூடியவற்றுக்குச் செலவே இல்லை. நன்றாகக் கேட்கும் காது டீச்சர் பக்கம் இருக்கும்படி முன்வரிசையில் உட்கார வைக்கலாம். போர்டில் எழுதி முடித்து, திரும்பி, முகம் தெரியும்படி பேசலாம். ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் எந்தக் குழந்தையும் தலையாட்டிவிடும். ‘நான் என்ன சொன்னேன், நீ சொல்லு’ என்று கேட்டால் தெரிந்துவிடும்.