கோப்புப் பரிமாற்ற வழங்கியில் புகுபதிகைத் தோல்வி

கோப்புப் பரிமாற்ற வழங்கியில் புகுபதிகைத் தோல்வி என்பது எஃப்.டி.பி. நெறிமுறையில் இயங்கும் வழங்கி ஒன்று பயனரை உள்ளே அனுமதிக்க மறுக்கும் நிலையாகும். கடவுச்சொல் தவறாக இருப்பது இதற்கான காரணங்களுள் ஒன்று மட்டுமே. வழங்கி அனுப்பும் மூன்று இலக்க மறுமொழி எண்ணைக் கொண்டு, தடை எந்தப் படியில் ஏற்பட்டது என்பதை அறியலாம்.

வரலாறு

இந்நெறிமுறையின் முதல் வரைவை 1971 ஏப்ரலில் எழுதியவர் அபய் பூஷண். இவர் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1965இல் பட்டம் பெற்ற முதல் அணி மாணவர்களுள் ஒருவர். வரைவை எழுதியபோது அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்தார். பின்னர் 1985இல் ஜான் போஸ்டல், ஜாய்ஸ் ரெனால்ட்சு ஆகியோர் வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 959 என்னும் ஆவணமே இதன் அடிப்படைச் செந்தரமாக உள்ளது.

புகுபதிகையின் படிகள்

வாங்கிக் கணினி முதலில் வழங்கியின் 21ஆம் துறையுடன் இணைகிறது. வழங்கி ஆயத்தமாக இருப்பின் 220 என மறுமொழி தருகிறது. பயனர் பெயரை அனுப்பியதும் 331 வருகிறது. இது கடவுச்சொல்லைக் கேட்பதாகும். கடவுச்சொல் ஏற்கப்பட்டால் 230, மறுக்கப்பட்டால் 530 கிடைக்கும்.

இல்லாத பயனர் பெயருக்கும் பல வழங்கிகள் 331 என்றே விடையளிக்கின்றன. எந்தப் பெயர்கள் உண்மையில் உள்ளன என்பதை அயலார் அறியக்கூடாது என்பதே இதன் நோக்கம். ஆகவே 331 வந்ததைக் கொண்டு பயனர் பெயர் சரியானது என முடிவு செய்ய இயலாது.

காரணங்கள்

* 220 வராமை: வழங்கி இயங்கவில்லை, முகவரி தவறு, அல்லது தீச்சுவர் 21ஆம் துறையை அடைத்துள்ளது. இங்குக் கடவுச்சொல்லை மாற்றுவதால் பயனில்லை.
* 421: வழங்கி தற்போது சேவை தர இயலாத நிலையில் உள்ளது. இணைப்புகளின் எண்ணிக்கை வரம்பை மீறியிருக்கலாம்.
* சரியான கடவுச்சொல்லுக்கும் 530: யூனிக்சு வகை இயங்குதளங்களில் 'எஃப்டிபியூசர்சு' என்ற கோப்பு உண்டு. பெயரைப் பார்த்தால் அனுமதிப் பட்டியல் போலத் தோன்றினும், மரபாக அது தடைப் பட்டியலாகும். அதில் பெயர் உள்ளவர் புகுபதிய முடியாது. பயனரின் கட்டளைக்கூடு, ஏற்கத்தக்க கூடுகளின் பட்டியலில் இல்லாவிட்டாலும் சில வழங்கிகள் மறுக்கும்.
* குறியாக்கம் இன்மை: குறியாக்கப்பட்ட இணைப்பைக் கட்டாயமாக்கிய வழங்கி, சாதாரண இணைப்பில் வருவோரை மறுக்கும்.
* நெறிமுறை மயக்கம்: எஸ்.எஃப்.டி.பி. என்பது பெயரில் ஒத்திருந்தாலும் 22ஆம் துறையில் இயங்கும் வேறொரு நெறிமுறையாகும்.

230 வந்தபின் கோப்புப் பட்டியல் தோன்றாமல் 425 வந்தால் அது புகுபதிகைத் தோல்வி அன்று. கோப்புத் தரவுகள் தனி இணைப்பில் செல்வதால், அந்த இணைப்பு தடைபட்டுள்ளது என்பதே பொருள்.

தமிழ்க் கடவுச்சொற்கள்

வழங்கி எழுத்துகளை ஒப்பிடுவதில்லை. அவற்றின் பைட்டுகளையே கருதுகிறது. டிஸ்கி, டாப், ஒருங்குறி ஆகிய குறியேற்றங்களில் ஒரே தமிழ்ச்சொல் வெவ்வேறு பைட்டுகளாக அமையும். ஒருங்குறிக்குள்ளேயும் இச்சிக்கல் உண்டு. எடுத்துக்காட்டாக, 'வலங்கைமான்' என்ற சொல் யூ.டி.எஃப்.-8 முறையில் 30 பைட்டுகள் கொண்டது. 'கொரடாச்சேரி' என்பதோ, 'கொ'வின் உயிர்க்குறி ஒரே குறியீடாக உள்ளிடப்பட்டால் 33 பைட்டுகளும், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாக உள்ளிடப்பட்டால் 36 பைட்டுகளும் பெறும். திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆயினும் இரண்டையும் ஒருமைப்படுத்தாத வழங்கி ஒன்றை ஏற்று மற்றதை மறுக்கும்.

பாதுகாப்பு

அடிப்படை நெறிமுறையில் கடவுச்சொல் மறைக்கப்படாமலே செல்கிறது. வழியில் பிணையத்தைக் கவனிப்பவர் அதைப் படிக்க முடியும். எனவே பழுது ஆராயும்போது குறியாக்கத்தை நிறுத்திப் பார்ப்பது கடவுச்சொல்லையே வெளிப்படுத்திவிடக்கூடும். குறியாக்கத்துடன் கூடிய இணைப்புமுறை 2005இல் ஆர்.எஃப்.சி. 4217 ஆக வரையறுக்கப்பட்டது. பயர்பாக்சு, குரோம் ஆகிய உலாவிகள் 2021இல் எஃப்.டி.பி. ஆதரவை முற்றிலும் நீக்கின. அதனால் இன்று அவ்வுலாவிகளில் எஃப்.டி.பி. முகவரி திறக்காமை வழங்கியின் பழுதைக் காட்டுவதாகாது. தனி வாங்கி மென்பொருளைக் கொண்டே சோதிக்க வேண்டும்.

தொடர்ந்து ஊகித்து முயல்வதும் கேடு தரும். பலமுறை தவறினால் சில வழங்கிகள் அந்த இணைய முகவரியையே சிறிது காலம் தடுத்துவிடும். அதன்பின் சரியான கடவுச்சொல்லும் பயன்படாது. மறுமொழி எண்ணைக் குறித்துக்கொண்டு, வழங்கியின் பதிவுக் கோப்பில் அதே நேரத்திற்குரிய வரியைப் பார்ப்பதே உரிய வழியாகும்.